கேபினட் ஃபேன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வெயில் ஏற ஏற கம்ப்யூட்டர் சூட்டைப் பற்றிய கேள்விகளும் கூடிவிடுகின்றன. பலர் முதலில் கேட்பது, எந்த ஃபேன் வாங்கலாம் என்பதுதான். இருக்கிற ஃபேனைச் சரியாக மாட்டி, சரியான சென்சாரைப் பார்த்துச் சுழல வைத்தாலே பெரும்பாலான வீடுகளில் அது போதும். வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: புது கேபினட்டுடன் (கம்ப்யூட்டர் பெட்டி) மூன்று ஃபேன் வந்தது. எதை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது?

மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் எந்தப் பக்கம் தெரிகிறதோ, காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளியேறும். திறந்தபடி இறக்கைகள் தெரியும் பக்கம் காற்றை இழுக்கும். சில ஃபேன்களின் ஓரத்தில் அம்புக்குறியே போட்டிருப்பார்கள். முன்னால் இரண்டு உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். உள்ளே வரும் காற்று சற்று அதிகமாக இருந்தால், இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும். ஆனால் முன்பக்க ஃபில்டரை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும். நான்காவது ஒன்று வாங்கினால் மேலே, பின்பக்கத்தை ஒட்டி மாட்டுங்கள். மேலே முன்பக்கமாக மாட்டினால், புதிதாக வந்த குளிர்ந்த காற்று பிராசஸரை அடையும் முன்பே வெளியே போய்விடும்.

கேள்வி: பழைய ஃபேன் ஒன்றை மதர்போர்டில் செருகினேன். எப்போதும் முழு வேகத்தில் இரைகிறது. ஃபேன் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. உங்களுடையது மூன்று பின் ஃபேனாக இருக்கும். அதில் இருப்பவை கிரவுண்ட், 12 வோல்ட், வேகத்தைத் தெரிவிக்கும் ஒயர், அவ்வளவுதான். நான்கு பின் ஃபேனில் கூடுதலாக ஒரு ஒயர் உண்டு. சுமார் 25 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (துடிப்பு வடிவ) சிக்னல் அதன் வழியே போய், எவ்வளவு வேகம் வேண்டும் என்று சொல்லும். மூன்று பின் ஃபேனுக்கு அந்தச் சிக்னல் போய்ச் சேராது. முழு 12 வோல்ட்டும் கிடைப்பதால் முழு வேகத்தில் ஓடுகிறது.

பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரை) போய், அந்த ஹெடரை (மதர்போர்டில் ஃபேன் செருகும் இடம்) பிடபிள்யூஎம்-இலிருந்து டிசி-க்கு மாற்றுங்கள். ஆசுஸ் போர்டில் கியூ-ஃபேன், ஜிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், எம்எஸ்ஐ-யில் ஹார்ட்வேர் மானிட்டர் என்ற பெயரில் இது இருக்கும். அப்புறம் மதர்போர்டு வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். ரொம்பக் குறைத்தால் சில ஃபேன்கள் நின்றுவிடும், அல்லது கிளம்பவே கிளம்பாது. தடையில்லாமல் கிளம்பும் அளவைக் கண்டுபிடித்து அதையே குறைந்தபட்சமாக வையுங்கள்.

கேள்வி: பிரவுசரைத் திறந்தாலே ஃபேன்கள் உறுமுகின்றன, சில விநாடியில் அடங்குகின்றன. நாள் முழுக்க இதே தொல்லை.

கேபினட் ஃபேன்கள் பிராசஸர் வெப்பநிலையைப் பார்த்து ஓடுவதுதான் காரணம். இன்றைய பிராசஸர் ஒரு சின்ன வேலைக்கே கண நேரத்தில் பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கும். கேபினட்டுக்குள் இருக்கும் காற்று அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. அந்தத் துள்ளலுக்கெல்லாம் ஃபேன் ஓடத் தேவையே இல்லை.

பயாஸில் ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன், ஸ்மூத்திங் போன்ற பெயர்களில் தாமத அமைப்பு இருந்தால் சில விநாடிகள் கூட்டுங்கள். எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் கோடான கர்வையும் படுக்கையாக்குங்கள். 60 டிகிரி வரை 40 சதவீத வேகம், 75 டிகிரிக்கு 65, 85 தாண்டினால் முழு வேகம் என்று தொடங்கி, உங்கள் காதுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கேம் ஆடுபவர்களுக்கு இன்னொரு விஷயம். கேம் ஓடும்போது பெட்டிக்குள் அதிகச் சூட்டைக் கொட்டுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான். பிராசஸர் 60 டிகிரியில் சும்மா இருக்க, கார்டு வெந்துகொண்டிருக்கும். கேபினட் ஃபேன்களுக்கு அது தெரியவே தெரியாது. விண்டோஸில் ஃபேன்கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள், பிராசஸருக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என்று போட்ட இரண்டு கர்வுகளில் எது அதிக வேகம் கேட்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும்படி அமைக்க விடுகிறது. முன்பக்க ஃபேன்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

கேள்வி: ஒரே ஹெடரில் மூன்று ஃபேன் மாட்டலாமா?

ஸ்பிளிட்டர் (ஒரு இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் ஒயர்) போட்டு மாட்டலாம். சாதாரண ஹெடர் 1 ஆம்பியர் தாங்கும். ஃபேன் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள், மேனுவலையும் பாருங்கள். கணக்கு தாண்டினால் எஸ்எம்பிஎஸ்-இலிருந்து (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) சாட்டா ஒயர் வழியே கரண்ட் எடுத்துப் பல ஃபேன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹப் வாங்குங்கள். திரையில் ஒரு ஃபேனின் வேகம் மட்டுமே தெரியும், அது இயல்புதான்.

கேள்வி: அறையே 38 டிகிரி. இன்னும் இரண்டு ஃபேன் போட்டால் சூடு இறங்குமா?

எத்தனை ஃபேன் போட்டாலும் அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. முதலில் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, அதே வேலையை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வெப்பநிலை நன்றாக இறங்கினால் கேபினட்டில் காற்றோட்டம் போதவில்லை, புது ஃபேன் உதவும். இறங்கவே இல்லையென்றால் பிராசஸர் கூலரில் தூசியா, பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே தடவிய பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். கேபினட்டின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். உங்களுடையது ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸர் (எக்ஸ்3டி மாடல்கள் தவிர) என்றால், அதிக வேலையில் 95 டிகிரி காட்டினாலும் பயப்பட வேண்டாம், அந்த அளவு வரை ஓடும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஃபேன் விளக்குக்கென்று தனி ஒயர் வருகிறது. அதை எங்கே செருகுவது?

மூன்று துளை உள்ள ஏஆர்ஜிபி (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனியாக மாற்றக்கூடியது) ஒயர் 5 வோல்ட். நான்கு துளை உள்ள பழைய ஆர்ஜிபி (எல்லா விளக்கும் ஒரே நிறம்) 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் ஹெடரில் அழுத்திச் செருகினால் விளக்கு கருகிவிடும். போர்டில் அச்சிட்டிருக்கும் வோல்டேஜைப் படித்துவிட்டுச் செருகுங்கள். உங்கள் போர்டில் 5 வோல்ட் ஹெடரே இல்லையென்றால் ஃபேனுடன் வரும் கண்ட்ரோலரைப் பயன்படுத்துங்கள்.