எந்த 'ஜானி பி. குட்' வாங்குவது?

கேள்வி: அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெரியின் 'ஜானி பி. குட்' பாட்டுக்காகவே ஆன்லைனில் 'கோல்டன் ஹிட்ஸ்' என்ற எல்.பி. இசைத்தட்டு வாங்கினேன். போட்டுப் பார்த்தால், சின்ன வயதில் அண்ணனின் கேசட்டில் கேட்ட பாட்டு மாதிரியே இல்லை. ஏமாந்துவிட்டேனா? பேசாமல் மேடைக் கச்சேரியில் பதிவான லைவ் தட்டு வாங்கிவிடலாமா?

பதில்: பாடியவர் அவரேதான், பதிவுதான் வேறு. அண்ணனின் கேசட்டில் இருந்தது 1958 ஜனவரியில் சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவானதாக இருக்கும். அப்புறம் பெரி மெர்க்குரி நிறுவனத்துக்கு மாறினார். பழைய பதிவுகள் செஸ்ஸிடமே இருந்ததால், தன் ஹிட் பாடல்களைப் புது நிறுவனத்துக்காக மறுபடி பாடிக் கொடுத்தார். 1967-ல் வந்த 'கோல்டன் ஹிட்ஸ்' அதுதான். என் காதுக்கு அதில் பழைய துள்ளல் இல்லை. 1958 பதிவில் லஃபாயெட் லீக்கின் பியானோ கிட்டாருக்கு அடியில் ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

வாங்கும்போது பின்னட்டையின் பொடி எழுத்தைப் படியுங்கள். 'ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட்' என்று போட்டிருந்தால் உஷார்: பாடகர் ஒரிஜினல் என்பதற்குத்தான் அது உத்தரவாதம், பதிவுக்கு அல்ல. விற்பனைப் பக்கத்தில் '1958 பதிவு' என்றே எழுதியிருந்தார்களா? அப்படியானால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. வெறும் 'கோல்டன் ஹிட்ஸ்' என்று மட்டும் இருந்திருந்தால் விற்றவர் மேல் தப்பில்லை.

உங்களுக்கு வேண்டியது 'தி கிரேட் ட்வென்டி-எய்ட்'. செஸ் காலத்துப் பாடல்கள் 28, இரண்டு தட்டுகள், 1982-ல் தொகுத்தது. மோனோ (ஸ்டீரியோ போல இரண்டாகப் பிரியாத ஒற்றை ஒலி) என்று முகம் சுளிக்காதீர்கள்; அந்தப் பாட்டு பிறந்ததே மோனோவில்தான்.

லைவ் என்றால் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். பெரி பல வருடங்கள் கிட்டாரோடு தனியாகப் போய் இறங்குவார். உள்ளூர்க் குழு பின்னால் வாசிக்கும், ஒத்திகை கிடையாது. குழு தேறினால் கச்சேரியும் தேறும். 'லண்டன் சக் பெரி செஷன்ஸ்' (1972) தட்டின் இரண்டாம் பக்கத்தை நம்பி வாங்கலாம். பெயரில்தான் லண்டன், லைவ் பக்கம் இங்கிலாந்தின் இன்னொரு நகரமான கவென்ட்ரியில் பதிவானது. கடைசியில் வருவது உங்கள் பாட்டுதான். அது முடிந்த பிறகும் ஊசியை எடுக்காதீர்கள். அடுத்து பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழு வாசிக்க வேண்டும், அரங்கைக் காலி செய்யுங்கள் என்று மேடையிலிருந்து கெஞ்சுவார்கள்; கூட்டம் நகராது.

1963-ல் வந்த 'ஆன் ஸ்டேஜ்' தட்டை மட்டும் லைவ் என்று நம்பி எடுத்துவிடாதீர்கள். ஸ்டுடியோ பதிவுகளின் மேல் கைதட்டலை ஒட்டி விற்றது அது.