கயிறு லேசாக வருகிறதா? செயின்சா கேள்வி–பதில்

கேள்வி: மாந்தோப்பு கவாத்துக்கு 50 சிசி செயின்சா வைத்திருக்கிறேன். காலையில் இரண்டு இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. அரை மணி ஓட்டி நிறுத்தினால் மறுபடி பிடிப்பதே இல்லை, கயிறும் லேசாக வருகிறது. 'கம்ப்ரஷன் போச்சு, சிலிண்டர் செட் மாத்தணும்' என்கிறார் மெக்கானிக். இதை நானே சரிபார்க்க வழி உண்டா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நீங்கள் சொல்வது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெரிக்கும் அழுத்தம்) இறங்கியதன் அறிகுறிதான். ஆனால் செட்டுக்கு (சிலிண்டர், பிஸ்டன், ரிங்) பணம் கட்டும் முன் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று போல்ட்தான். மிஷினைப் பொறுத்து டி27 ஸ்டார் கீ அல்லது 4 மி.மீ. ஆலன் கீ போதும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக்கையும் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்தால், புகை வெளியேறும் ஓட்டை வழியே பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல பிஸ்டனில் கடைசல் ரேகைகள் குறுக்கே மெல்லியதாகத் தெரியும். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தாலோ, ரிங் காடியோடு ஒட்டிக் கிடந்தாலோ, கம்ப்ரஷன் போச்சு என்று மெக்கானிக் சொன்னது சரி. ரிங்கை மரக்குச்சியால் லேசாக அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும்.

அடுத்தது கம்ப்ரஷன் அளக்கும் கேஜ். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 50 சிசி எஞ்சினில் எரியறையே ஏறக்குறைய ஆறேழு சிசிதான். பைக், கார் பட்டறைகளில் இருக்கும் நீளக் குழாய் கேஜில், காற்றைத் திரும்ப விடாத வால்வு மீட்டர் பக்கம் இருந்தால், குழாயில் உள்ள இடமும் எரியறையோடு சேர்ந்துவிடும். நல்ல எஞ்சினுக்கும் அளவு குறைவாகவே காட்டும். வால்வு பிளக் முனையிலேயே இருக்கும் கேஜ்தானா என்று கேட்டுப் பாருங்கள்.

சுவிட்சை ஆஃப் செய்து, பிளக் வயரை எஞ்சின் உலோகத்தில் எர்த் செய்துவிடுங்கள். சோக் திறந்திருக்கட்டும், ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடியுங்கள். முள் மேலே போவது நிற்கும் வரை பலமாக இழுங்கள், ஆறு முதல் எட்டு இழுப்பு ஆகும். மாடலுக்கு மாடல் மாறும் என்றாலும் 150 பிஎஸ்ஐ பக்கம் வந்தால் கவலை இல்லை. 120க்குக் கீழே தேய்மானம். 100க்குக் கீழே இறங்கினால் சூட்டில் பிடிக்காது. சூடாக இருக்கும்போதும் ஒரு தடவை அளந்துவிடுங்கள், உங்கள் மிஷினின் கோளாறு அப்போதுதானே வருகிறது.

அளவு குறைவாக வந்தால் பிளக் ஓட்டையில் ஒரு மி.லி. டூ-டி ஆயில் (பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயில்) விட்டு மறுபடி அளக்கவும். அதற்கு மேல் விட்டால் எண்ணெயே இடத்தை அடைத்துப் பொய்க்கணக்கு காட்டும். முள் நன்றாக ஏறினால் ரிங், பிஸ்டன், சிலிண்டர் தேய்மானம். ஏறவே இல்லை என்றால் கசிவு வேறெங்கோ: கேஜ் உட்காரும் இடம், அல்லது ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்கும் டிகம்ப்ரஷன் பட்டன். பட்டனைச் சுற்றி ஆயில் பூசி இழுங்கள். குமிழி வந்தால் பட்டனை மட்டும் மாற்றினால் போதும். பட்டன் போனதற்கு முழு செட் மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மட்டும் கோடு கோடாகக் கீறல். போன வருடம்தான் புது பிஸ்டன் போட்டோம், திரும்பவும் சீஸ் ஆகிவிட்டது (பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சிக்கிவிட்டது). டூப்ளிகேட் பிஸ்டனாக இருக்குமோ?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: பிஸ்டன் மேல் பழி போடும் முன், கீறல் எந்தப் பக்கம் என்பதைக் கவனியுங்கள். கார்புரேட்டர் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் தூசி உள்ளே போகிறது. சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் ஆயில் போதவில்லை, அல்லது பெட்ரோல் குறைந்து காற்று கூடிச் சூடேறியிருக்கிறது. பழைய காரணம் அப்படியே இருந்தால் எந்த பிஸ்டன் போட்டாலும் போகும்.

ஆக்ஸிலேட்டரை விட்டபின் வேகம் உடனே இறங்காமல் இழுக்கிறதா? மிஷினைச் சாய்த்தால் ஐடில் ஏறி இறங்குகிறதா? அப்படியானால் காற்றுக் கசிவு. ஃபிளைவீல் பின்னாலும் கிளட்ச் பின்னாலும் உள்ள ஆயில் சீல்கள், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் பூட், கார்புரேட்டர் பம்புக்கு அழுத்தத் துடிப்பு தரும் இம்பல்ஸ் குழாய் இவைதான் வழக்கமான இடங்கள். பட்டறையில் கார்புரேட்டர் வழியையும் சைலன்சர் வழியையும் அடைத்து 0.5 பார் காற்று ஏற்றச் சொல்லுங்கள். அரை நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். வேக்குவம் வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தத்துக்கு நிற்கும் சீல், உறிஞ்சும்போது விட்டுவிடும்.

பெட்ரோல்–ஆயில் கலவையைக் கண்ணளவில் ஊற்ற வேண்டாம். 50:1 என்று குறிப்பிட்ட நல்ல ஆயிலானால் லிட்டருக்கு 20 மி.லி., 5 லிட்டருக்கு 100. சாதாரண டூ-டி ஆயிலுக்குப் பல கம்பெனி கையேடுகளில் 25:1, அதாவது லிட்டருக்கு 40 மி.லி. இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். செயின்சா கார்புரேட்டர் அதற்கேற்பத் தானாக மாற்றிக்கொள்ளாது, எஞ்சினுக்குள் போவதில் எரிபொருள் குறைந்து காற்று லேசாகக் கூடிவிடும். முழு வேகத்தில் போகும் பெட்ரோல் அளவை மாற்றும் 'ஹெச்' திருகைச் சரிபார்க்காமல் சீமைக்கருவேலம், புளி மாதிரிக் கெட்டி மரத்தில் நீண்ட நேரம் முழு வேகத்தில் போட்டால் சூடு தாங்காது. செயின் மொக்கையாகிச் சீவலுக்குப் பதில் மாவு மாவாக வந்தாலும் இதே கதி.

கேள்வி: பைக் மாதிரி சிலிண்டரை போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போடலாமா?
— வாசகர், அரூர்

பதில்: முடியாது. அலுமினிய சிலிண்டருக்குள் குரோம் அல்லது நிகாசில் (நிக்கல்–சிலிக்கான் கார்பைடு) பூச்சு மெல்லியதாக இருக்கிறது. கடைந்தால் பூச்சே போய்விடும். ஆனால் கீறல் போலத் தெரிவதில் பாதி, பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம்தான். நிகாசில் பூச்சு என்றால் மட்டும் (குரோமை அமிலம் கரைத்துவிடும்), கையுறை, கண்ணாடி போட்டு, திறந்த வெளியில், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு அந்தத் தடத்தில் மட்டும் தடவுங்கள். நுரை வந்தால் அலுமினியம் கரைகிறது. துவாரங்களின் விளிம்பில் பட வேண்டாம், அங்கே சிலிண்டரையே அரிக்கும். நுரை நின்றதும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, உலர்த்தி, ஆயில் தடவுங்கள். அதன்பின் நகத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள். மாட்டாமல் வழுக்கினால் புது பிஸ்டனும் ரிங்கும் போதும். நகம் சிக்கினாலோ பூச்சு உரிந்திருந்தாலோ சிலிண்டரையும் மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: ஏர் ஃபில்டரை ஏர் அடித்துத்தான் சுத்தம் செய்கிறோம், போதுமா?
— வாசகர், பாலக்கோடு

பதில்: வெளிப்பக்கமிருந்து அடித்தால் தூசி உள்ளேதான் போகும். உள்ளிருந்து வெளியே, தள்ளிப் பிடித்து அடியுங்கள். அல்லது சோப்புத் தண்ணீரில் அலசி முழுக்கக் காயவிடுங்கள். செம்மண்ணை ஒட்டி அடிமரம் அறுத்த நாளில் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது விளிம்பு சரியாக உட்காரவில்லை.