வீட்டில் ஓடுது, சர்வரில் ஓடலையே: ஜாவா, டாம்கேட் வெர்ஷன் கேள்வி பதில்

ஜாவாவில் எழுதி டாம்கேட்டில் (ஜாவா வெப் ப்ரோகிராம்களை ஓட்டும் சர்வர் மென்பொருள்) ஏற்றுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. முக்கால்வாசி ஒரே ரகம்: என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எக்லிப்ஸில் (ப்ரோகிராம் எழுதும் மென்பொருள்) நன்றாக ஓடும் வார் ஃபைலை (வெப் ப்ரோகிராமின் மொத்தத் தொகுப்பு) ஆபீஸ் சர்வரில் போட்டால், "கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61, இந்த ரன்டைமுக்கு 52 வரைதான் தெரியும்" என்று லாகில் விழுகிறது. ஜாவா 61 என்று ஒன்று இருக்கிறதா?

இல்லை தம்பி. அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழியுங்கள். 61 என்றால் ஜாவா 17, 52 என்றால் ஜாவா 8. கம்பைல் ஆன ஒவ்வொரு கிளாஸ் ஃபைலின் தலையிலும் இந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஜாவா ப்ரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் முதலில் அதைத்தான் பார்க்கும். தன்னுடையதைவிடப் பெரிதாக இருந்தால் மேற்கொண்டு படிக்காது.

ஆபீஸ் சர்வரில் ஜாவாவை ஏற்றுவது உங்கள் கையில் இருக்காது என்று நினைக்கிறேன். அப்படியானால் மேவனில் (ப்ராஜெக்ட்டைக் கம்பைல் செய்து தொகுக்கும் கருவி) கம்பைலரின் 'ரிலீஸ்' எண்ணை 8 என்று வையுங்கள். அதற்கு முன் ஒன்று பாருங்கள்: எரரில் வரும் கிளாஸ் பெயர் உங்களுடையதா, பிறர் எழுதி நீங்கள் சேர்த்துக்கொண்ட ஏதாவது லைப்ரரியுடையதா? ஸ்பிரிங் 6 மாதிரி 17-க்கென்றே கம்பைல் செய்து வரும் லைப்ரரி என்றால், நீங்கள் எழுதிய ப்ரோகிராமை எத்தனை முறை கம்பைல் செய்தாலும் அதே எரர்தான் வரும். அந்த லைப்ரரியின் பழைய வெர்ஷனுக்குத்தான் இறங்க வேண்டும்.

'சோர்ஸ்', 'டார்கெட்' இரண்டையும் 8 என்றுதான் வைத்திருக்கிறேன். சர்வரும் எழுந்துவிட்டது. ஆனால் ஃபைல் அப்லோடு செய்யும்போது மட்டும், பைட்பஃபரில் (பைட்டுகளைத் தற்காலிகமாக வைக்கும் ஜாவா கிளாஸ்) 'ஃபிளிப்' என்ற மெத்தடே இல்லை என்கிறது. அது ஜாவா 8-இல் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. ஜாவா 8 வரை 'ஃபிளிப்' தாய் கிளாஸான பஃபரில் இருந்தது. அது திருப்பித் தருவதும் பஃபர்தான். ஜாவா 9-இல் பைட்பஃபரிலேயே அதை மீண்டும் எழுதி, பைட்பஃபரைத் திருப்பித் தரும்படி மாற்றினார்கள். நீங்கள் ஜேடிகே 11-ஐ (ஜாவாவின் கம்பைலரும் லைப்ரரியும் சேர்ந்த தொகுப்பு) வைத்துக் கம்பைல் செய்திருப்பீர்கள். கம்பைலர் தன் பக்கத்தில் இருக்கும் 11-இன் லைப்ரரியைப் பார்த்து, புது மெத்தடின் முகவரியை கிளாஸ் ஃபைலில் எழுதிவிட்டது. ஜாவா 8-இல் அந்த முகவரியில் ஆளே இல்லை.

சோர்ஸ், டார்கெட் இரண்டும் மொழியின் இலக்கணத்தையும் தலையில் உள்ள எண்ணையும் மட்டும்தான் கவனிக்கும். எந்த லைப்ரரியைப் பார்த்துக் கம்பைல் செய்வது என்பதைக் கவனிக்காது. 'ரிலீஸ்' ஆப்ஷன் வந்தது இதற்காகத்தான். ஜாவா 9 முதல் இருக்கிறது. 8 என்று கொடுத்தால், 8-இல் என்னென்ன மெத்தட்கள் இருந்தன என்ற பட்டியலைப் பார்த்தே கம்பைல் செய்யும்.

முதல் கேள்வியில் வந்த எரரைவிட இதுதான் எனக்குப் பயம். அது சத்தம் போட்டு உடனே நின்றுவிடும். இது அந்த வரியை யாராவது தொடும்வரை பதுங்கியிருக்கும். ஒருமுறை மாதக் கடைசி ரிப்போர்ட்டில் போய் எழுந்தது, இரவு பதினொன்றுக்கு. விடியும்வரை நான் டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டாம்கேட் 9-இலிருந்து 10-க்கு மாறினோம், மேடம். எரரே இல்லை, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 404, அதாவது பக்கம் இல்லை என்கிறது. வார் ஃபைல் அதேதான்.

வார் அதேதான் என்பதுதான் சிக்கல். டாம்கேட் 9 'ஜாவாக்ஸ்.சர்வ்லெட்' என்ற பேக்கேஜைத் தேடும், 10 'ஜகார்த்தா.சர்வ்லெட்' என்பதைத் தேடும். பக்கம் கேட்டால் பதில் தரும் கிளாஸ்கள்தான் சர்வ்லெட்கள். உங்கள் சர்வ்லெட்களின் தலையில் பழைய பெயருடைய அனொட்டேஷன் (சர்வருக்கான குறிப்பு) இருக்கிறது. டாம்கேட் 10-க்கு அது யாரோ எவரோ, கண்டுகொள்ளாமல் போய்விடுகிறது. அதனால்தான் எரர் இல்லாமல் 404.

பெயர் ஏன் மாறியது? 2017-இல் ஆரக்கிள், ஜாவா இஇ-யை (சர்வ்லெட் போன்ற சர்வர் பக்க ஜாவாவின் தொகுப்பு) எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. சோர்ஸ் கோடைக் கொடுத்தார்கள், ஜாவா என்ற பெயரின் உரிமையைக் கொடுக்கவில்லை. ஜாவாக்ஸ் பேக்கேஜுக்குள் இனி எதையும் மாற்றக் கூடாது என்ற நிலை 2019-இல் உறுதியானது. 2020-இல் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் எல்லாப் பெயர்களையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டார்கள். வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வாசல் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு போன கதை. அந்தப் பலகையின் விலையை இன்றும் நாம்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது: அவசரம் என்றால், டாம்கேட் 10-இல் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி வாரை அதில் போடுங்கள். டாம்கேட்டே பெயர்களை மாற்றி எடுத்துக்கொள்ளும். நிரந்தரமாக என்றால் கோடிலேயே மாற்ற வேண்டும். ஆனால் ஜாவாக்ஸ் என்று கண்ட இடத்தையெல்லாம் மாற்றிவிடாதீர்கள். 'ஜாவாக்ஸ்.எஸ்கியூஎல்', 'ஜாவாக்ஸ்.நேமிங்', 'ஜாவாக்ஸ்.கிரிப்டோ' எல்லாம் ஜேடிகே-யின் சொத்து; அவை அப்படியே இருக்கின்றன.

ஸ்பிரிங் பூட் 2.7 வாரை டாம்கேட் 10.1-இல் ஏற்றலாமா?

வேண்டாம், மேலே சொன்ன அதே 404-தான் வரும். 2.7-க்கு டாம்கேட் 9. பூட் 3 என்றால் 10.1, ஜாவா 17-க்குக் குறையாமல்.

புது எக்லிப்ஸ் ஜாவா 21 கேட்கிறது. எங்கள் ப்ராஜெக்ட் ஜாவா 8. பழைய எக்லிப்ஸையே வைத்துக்கொள்ள வேண்டுமா அக்கா?

வேண்டியதில்லை. எக்லிப்ஸ் ஓடுவதற்கான ஜாவா வேறு, உங்கள் ப்ராஜெக்ட்டுக்கான ஜாவா வேறு. 2022 செப்டம்பர் வெளியீட்டிலிருந்து எக்லிப்ஸுக்கு 17 வேண்டும், 2024 செப்டம்பர் வெளியீட்டிலிருந்து 21. எக்லிப்ஸ் தளத்தில் கிடைக்கும் தொகுப்போடு அது ஓடத் தேவையான ஜாவாவும் சேர்ந்தே வந்துவிடும். ஜேடிகே 8-ஐத் தனியாக நிறுவி, செட்டிங்கில் ப்ராஜெக்ட்டுக்கு அதைக் காட்டுங்கள்.

ஜாவா ஹோமை (ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் மெஷின் செட்டிங்) 17-க்கு மாற்றிவிட்டேன், சார். மெஷினையும் ரீஸ்டார்ட் செய்தாயிற்று. டாம்கேட் இன்னும் 8-இல்தான் ஓடுகிறது.

சார் இல்லை, பரவாயில்லை. விண்டோஸ் சர்வீஸாகப் போட்டிருக்கிறீர்களா? சர்வீஸ் தனக்கென்று ஒரு ஜேவிஎம் பாதையை எழுதி வைத்திருக்கும். டாம்கேட்டோடு வரும் சர்வீஸ் செட்டிங் ஜன்னலைத் திறந்து, ஜாவா டேபில் பாதையை மாற்றுங்கள். எந்த ஜாவாவில் ஓடுகிறது என்பதை ஊகிக்கவும் வேண்டாம். டாம்கேட் எழும்போதே லாகின் தொடக்க வரிகளில் ஜேவிஎம் வெர்ஷனையும் ஜாவா ஹோமையும் எழுதிவிடும்.

கல்லூரி லேபில் பழைய டாம்கேட் 7, ஜாவா 8. சாதாரண ஹெச்டிஎம்எல் வருகிறது. ஜேஎஸ்பி (ஹெச்டிஎம்எல்லுக்குள் ஜாவா கலந்த பக்கம்) மட்டும் 'மேப் என்ட்ரி' கிளாஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று விழுகிறது.

ஜேஎஸ்பி-யை நீங்கள் கம்பைல் செய்வதில்லை, டாம்கேட் செய்கிறது. அதற்காக எக்லிப்ஸின் கம்பைலரை ஒரு ஜாராகத் (கிளாஸ்களின் தொகுப்பு ஃபைல்) தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது. ஆரம்பகால டாம்கேட் 7-இல் இருந்த கம்பைலர் ஜாவா 8-க்கு முந்தையது. 8-இன் கிளாஸ்களைப் படிக்கத் தெரியாமல் விழிக்கிறது. ஆகவே சர்வருக்குள்ளும் ஒரு கம்பைலர் இருக்கிறது, அதற்கும் வயது உண்டு. டாம்கேட் 7-க்கான ஆதரவு 2021 மார்ச்சோடு முடிந்துவிட்டது. லேபில் 9 போடச் சொல்லுங்கள். ஜாவா 8 போதும்.

எக்லிப்ஸில் சிவப்புக் கோடு வருகிறதே என்று சர்வ்லெட் ஜாரை வாருக்குள் லிப் ஃபோல்டரில் போட்டுவிட்டேன். தப்பா?

தப்புதான். அது சர்வர் தர வேண்டியது. மேவனில் 'ப்ரொவைடட்' என்று குறித்தால் கோடும் போகும், வாருக்குள்ளும் போகாது.

டாம்கேட் 9-ஐத் தொடவே இல்லை. ஜாவாவை மட்டும் 8-இலிருந்து 11 ஆக்கினோம். ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்ட்டாக மாற்றும் லைப்ரரி) கிளாஸ் காணவில்லை என்கிறது.

ஜாவா 11-இல் ஜேடிகே-யிலிருந்து ஜாக்ஸ்பி, ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், கோர்பா எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஜாக்ஸ்பி-யைத் தனி ஜாராகச் சேர்த்தால் போதும். வெர்ஷன் கவனம்: 2.3 பழைய ஜாவாக்ஸ் பெயரில் இருக்கிறது, 3-இலிருந்து ஜகார்த்தா. உங்கள் கோடில் பழைய பெயர் இருப்பதால் 2.3-ஐயே எடுங்கள்.

9-இலிருந்து நேராக டாம்கேட் 11-க்குத் தாவலாமா?

ஜாவா 17 இருந்தால் தாவலாம். நான் 10.1-இல் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பேன். பெயர் மாற்றத் தலைவலி முழுவதும் அந்தப் படியில்தான். அங்கிருந்து 11-க்குப் போவது அரை நாள் வேலை, செக்யூரிட்டி மேனேஜரை (ப்ரோகிராம் எதையெல்லாம் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஜாவா வசதி) பயன்படுத்தாதவரை. 11-இல் அது கிடையாது.