கேள்வி-பதில்: ஒரு கப்பலுக்கு எத்தனை போர் விமானம்?

கேள்வி (விருதுநகர் வாசகர்): இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து போர் விமானங்கள் கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. நிஜத்தில் ஒரு கப்பலில் எத்தனை இருந்தன?

பதில்: எந்த வருஷம் என்று சொல்லியிருந்தால் ஒரே எண்ணில் முடித்திருப்பேன். அமெரிக்கக் கடற்படையை எடுத்துக்கொண்டால், ஒரு கப்பலுக்கு ஒரு போர் விமான ஸ்குவாட்ரன், அதாவது ஒரு படைப்பிரிவு. 1941 டிசம்பரில் அதற்குக் கணக்கு 18. 1944 டிசம்பரில் 73. மூன்றே வருஷத்தில் நான்கு மடங்கு!

முதல் ஏற்றத்துக்குக் காரணம் இறக்கையை மடிக்க வைத்த ஒரு கீல். என் மேஜைமேல் அந்தக் கால அமெரிக்கப் போர் விமானமான வைல்ட்கேட்டின் சின்ன மாடல் ஒன்று இருக்கிறது. இறக்கைகளை மடித்த நிலையில்தான் ஒட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் உடைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இறக்கை நேராக மேலே தூக்காது. கோழி சிறகை ஒடுக்குவது போல, திரும்பிப் பின்னால் போய் உடலோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தயாரித்த கம்பெனியின் லீராய் கிரம்மன் ஓர் அழிரப்பரில் பேப்பர் கிளிப்புகளைச் செருகிச் செருகிப் பார்த்துத்தான் அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்தாராம். 38 அடி அகல விமானம் மடித்தால் 14 அடி சொச்சம். கப்பலை ஓர் அங்குலம்கூடப் பெரிதாக்காமல், 1942 ஜூனில் பசிபிக் கடலில் ஜப்பானியரோடு நடந்த மிட்வே சண்டைக்குப் போனபோது என்டர்பிரைஸ், ஹார்னெட் என்ற இரண்டு கப்பல்களிலும் தலா 27 வைல்ட்கேட்கள் இருந்தன.

பைலட்டுகள் சந்தோஷப்பட்டார்களா என்றால், இல்லை. மடிப்பு இயந்திரத்தால் எடை கூடியது, மேலே ஏறும் வேகம் குறைந்தது. பழைய மாடலில் நான்கு துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 450 தோட்டா. புதியதில் ஆறு துப்பாக்கி, ஆனால் தலா 240 தான். பெருக்கிப் பாருங்கள்: 1,800 இருந்த இடத்தில் 1,440. அதையும் ஆறு துப்பாக்கி சேர்ந்து சீக்கிரமே காலி செய்துவிடும்.

27-உம் போதவில்லை. தாக்கப் போகும் குண்டுவீச்சு விமானங்களுக்கும் காவல் வேண்டும், கப்பலின் தலைக்கு மேலேயும் காவல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பானையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். யார்க்டவுன் என்ற இன்னொரு கப்பலில் ஜிம்மி தாச் என்ற ஸ்குவாட்ரன் தலைவர் இருந்தார். நான்கு நான்காகப் பறந்து, ஜோடிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக் காப்பாற்றிக்கொள்ளும் உத்தியை வீட்டு மேஜையில் தீக்குச்சிகளை அடுக்கிப் பார்த்து உருவாக்கியவர். அவருக்கு நான்கின் மடங்கில்தான் விமானம் வேண்டும். மிட்வேயில் எட்டு கேட்டார், ஆறு கொடுத்தார்கள். அவர் காவல் போன 12 டார்பிடோ விமானங்களில் (தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டைப் போடுபவை) ஒன்றுகூடக் கப்பலில் திரும்ப இறங்கவில்லை. எட்டு கொடுத்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், எதிரே ஜப்பானியரின் ஜீரோ போர் விமானங்கள் அவ்வளவு இருந்தன. ஆனால் மிட்வே முடிந்த கையோடு ஸ்குவாட்ரன் அளவை 36 ஆக்கினார்கள். அதாவது ஒன்பது நாலு.

அப்புறம் எஸெக்ஸ் வகைப் பெரிய கப்பல்கள் வந்தன. 1943-இல் அவற்றில் 36 போர் விமானம், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் டைவ் பாம்பர் 36, 18 டார்பிடோ விமானம். 1944 அக்டோபரில் ஜப்பானியர்கள் காமிகாசே தாக்குதலைத் தொடங்கியதும் இந்தப் பங்கீடு தலைகீழானது. மோதி வெடிக்க வருகிறவனை வழியிலேயே சுட்டு வீழ்த்த வேண்டும், வேறு வழி இல்லை. போர் விமானம் 73, மற்ற இரண்டும் தலா 15 என்று மாற்றினார்கள். வைல்ட்கேட்டுக்குப் பின் வந்த ஹெல்கேட் போர் விமானமே குண்டும் ராக்கெட்டும் சுமக்கும் என்பதால் குண்டுவீச்சு விமானங்களைக் குறைக்க மனம் வந்தது. அந்த 73-க்குள் வலது இறக்கையில் ரேடார் பொருத்திய இரவுநேர ஹெல்கேட்கள் நான்கைந்தும், படம் எடுக்கும் விமானங்கள் ஒன்றிரண்டும் அடக்கம்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): ஒரு விமானத்துக்கு ஒரு பைலட்தானா?

பதில்: இல்லை. விமானம் சளைக்காது, ஆள் சளைப்பான். 73 விமானத்துக்கு நூறு பைலட்டுகளுக்கு மேல் வைத்திருந்தார்கள். இத்தனை பேரை ஒரே தலைவர் மேய்ப்பது நடக்கிற காரியமா? 1945 ஜனவரியில் போர் விமான ஸ்குவாட்ரன் ஒன்று, போர்-குண்டுவீச்சு ஸ்குவாட்ரன் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். பெயரில்தான் பெரிய வித்தியாசம். வேலை வந்தால் இரண்டும் இரண்டையும் செய்தன.

கேள்வி (அதே வாசகி): ஜப்பானியக் கப்பல்களில்?

பதில்: பேர்ல் ஹார்பரைத் தாக்கிய 1941 டிசம்பரில் அகாகி போன்ற பெரிய கப்பலிலும் 18 ஜீரோதான், பறந்தது மூன்று மூன்றாக. ஜீரோவின் இறக்கை நுனியில் பக்கத்துக்கு அரை மீட்டர்தான் மடியும். லிஃப்டில் இடிக்காமல் இறக்குவதற்கு அது போதும், கூடுதலாக விமானம் அடுக்க உதவாது.