உள்ளே போட்டால் திருந்துவானா?

அன்புள்ள அம்மா,

என் அக்காள் மகனுக்கு 26 வயது. ஹெராயின் பழக்கம். இரண்டாவது முறையாகச் சிறுநீர்ச் சோதனையில் அகப்பட்டுக்கொண்டான். சிறைக்கு அனுப்பாமல் வெளியிலேயே கண்காணிப்பில் வைத்துச் சிகிச்சை தரலாம் என்கிறார்கள். உள்ளே போட்டால்தானே புத்தி வரும்? இது சலுகை ஆகிவிடாதா? அக்காள் அழுதுகொண்டே இருக்கிறாள்.

ஒரு தாய்மாமன், பிறை, மலேசியா

அன்புள்ள சகோதரருக்கு,

அக்காளின் அழுகையைக் கடைசி வரிக்குத் தள்ளிவிட்டீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

சலுகை என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களின் சிகிச்சைக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கண்காணிப்புக்கு வைத்த காலம் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். குறித்த நாளில் அதிகாரி முன் நிற்க வேண்டும். சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். அனுமதி இல்லாமல் வட்டாரத்தை விட்டு நகரக் கூடாது. மீறினால் அதுவே தனிக் குற்றம்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் மெத்தடோன் எடுத்துக்கொள்கிறான். ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் மேற்பார்வையில் தரும் மருந்து அது. நம் நாட்டில் 2005 முதல் தருகிறார்கள். அவன் தாயாருக்கு முழங்கால் வலி வந்த ஒருநாள் நான் துணைக்குப் போனேன். அரசாங்க கிளினிக்கில் மருந்து கொடுக்கும் சன்னலுக்கு முன்னால் வரிசை. சின்னக் குவளையில் மருந்து. அவன் விழுங்கியதும், "ஏதாவது பேசு" என்றார் மருந்தாளர். வாயில் அடக்கிக்கொண்டுபோய் வெளியே விற்றுவிடக் கூடாதே, அதற்காக. "நன்றி" என்றான். பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டான். அந்த ஒரு மடக்கு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க உடம்பின் குடைச்சலை அடக்கி வைக்கிறது. அதனால்தான் அவனால் வேலையில் நிற்க முடிகிறது.

சிறையில் போதை கிடைக்காமல் கிடந்த உடம்பு, பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வருகிறவன் பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறான், மூச்சு நின்றுவிடுகிறது. விடுதலையான முதல் சில வாரங்களில்தான் இப்படிச் சாகிறவர்கள் அதிகம். பல நாடுகளில் கண்ட உண்மை இது. புத்தி வருவதற்கு முதலில் அவன் உயிரோடு இருக்க வேண்டாமா?

ஷாபு என்கிற மெத்தம்பெட்டமின் போதைப் பொருளையும் தொடுகிறானா என்று கேளுங்கள். அதற்கு மெத்தடோன் கேட்காது, மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

நடுவில் ஒருநாள் தவறுவான். அன்று கையை ஓங்காதீர்கள். மறுநாள் காலையில் எழுப்பிவிடுங்கள். அவனுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவர் நீங்கள்தானே? அக்காளைத் தனியாக அலையவிடாமல், முதல் மாதம் நீங்களே மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போங்கள். மருந்து குடித்து வந்ததும் பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுங்கள். எதிரில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.