படிக்காத கத்தரீனம்மாள் எப்படி 'மறைவல்லுநர்' ஆனார்?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் திருவிழாப் பிரசங்கங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் 'மறைவல்லுநர்'. புனிதராக அறிவிக்கப்பட்டவர்களில், அவருடைய போதனை திருச்சபை முழுவதற்கும் எக்காலத்துக்கும் உதவும் என்று திருத்தந்தை (போப்) அறிவிக்கும் சிலருக்கே இந்தப் பட்டம். பெண்களில் இதுவரை நால்வர்: 1970-இல் அவிலா தெரேசா, சியன்னா கத்தரீன், 1997-இல் குழந்தை தெரேசா, 2012-இல் ஹில்டெகார்டு.

பள்ளிப் படிப்பே இல்லாத கத்தரீனுக்கு ஏன்? இங்கே பட்டறிவும் படிப்பாகவே எண்ணப்படுகிறது. நம் கடலில் பாசி எடுக்கப் போகும் அக்காமாரைப் பாருங்கள். எந்தப் பாறையில் பாசி அடர்த்தி, நீரோட்டம் எப்போது மாறும் என்று அவர்கள் ஏட்டில் படிக்கவில்லை. மூழ்கி மூழ்கித் தெரிந்துகொண்டார்கள். புதிதாக இறங்கும் பிள்ளைகள் அவர்கள் பேச்சைத்தான் கேட்கும். கத்தரீன் செபத்தில் மூழ்கியவர். சாயத் தொழிலாளி மகள். கடிதங்களைப் பெரும்பாலும் வாயால் சொல்லி எழுதவைத்தார். உரோமையை விட்டு, இன்றைய பிரான்சில் உள்ள அவிஞ்ஞோன் நகரில் தங்கியிருந்த திருத்தந்தை 11-ஆம் கிரகோரியையே 'உரோமைக்குத் திரும்புங்கள்' என்று நெருக்கினார். 1377-இல் அவர் திரும்பினார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இது சாதாரணத் துணிச்சலா?

குழந்தை தெரேசா 15 வயதில் மடத்துக்குள் போனவர், 24 வயதில் காசநோயால் இறந்தவர். சின்ன வேலையையும் அன்போடு செய் என்பதே அவருடைய 'சிறு வழி'.

பலரும் குழப்பிக்கொள்வது: கொல்கத்தா அன்னை தெரேசா வேறு, 2016-இல் புனிதரானார், மறைவல்லுநர் அல்ல. அவர் தம் துறவறப் பெயரை எடுத்தது இந்தக் குழந்தை தெரேசாவிடமிருந்துதான்.