சாரிடம் நல்ல பேர் வாங்குவது எப்படி?

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் எல்லோருக்கும் ஒருவரையொருவர் தெரியும், சார்களுக்கும் அவர்களைத் தெரியும். "முதல் மாசத்துலயே நல்ல பேர் வாங்கிடு, இல்லன்னா இன்டர்னல்ல கை வச்சிடுவாங்க" என்கிறார்கள் சீனியர்கள். எழுந்து ஆங்கிலத்தில் பேசவும் வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: சீனியர்கள் சொன்னது பாதி நிஜம் தம்பி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியிலேயே போடும் மார்க், 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. லேபுக்கு அப்படியே தலைகீழ். ஆனால் அந்த 40 சாரின் மூடைப் பார்த்து விழுவதில்லை, அசைன்மென்ட்டும் எழுத்துத் தேர்வும் சேர்ந்துதான் வருகிறது. செமஸ்டர் தேர்வில் 45 சதவீதம் எடுக்காவிட்டால் இன்டர்னல் முழுசாக வாங்கியிருந்தாலும் அரியர்தான். அதனால் ஜால்ரா தட்டிப் பயனில்லை, வராண்டாவில் பார்க்கும்போதெல்லாம் குட்மார்னிங் சொல்லியும் பயனில்லை.

உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் வகுப்பு ஆரம்பித்த பிறகுதான் வந்து சேருவீர்கள், அதையே காரணமாக வைத்து முதல் வாரத்தில் ஸ்டாஃப் ரூமுக்குப் போங்கள். "லேட்டரல் என்ட்ரி சார், லேட்டா சேர்ந்தேன், எதுவரைக்கும் நடத்தியிருக்கீங்க?" என்று கேட்டாலே போதும், அறுபது பேரில் உங்கள் முகம் தனியாகத் தெரியும். மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்கு ஓடுகிறவரை வழிமறிக்காதீர்கள், எந்த பீரியடு ஃப்ரீ என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

உங்களைப் படுத்தப்போவது கணக்குதான். முதலாண்டு கணக்கை மற்றவர்கள் முடித்துவிட்டு வந்திருப்பார்கள், உங்களுக்கு வந்த செமஸ்டரிலேயே ஃபூரியர் சீரிஸ் கணக்கு. அங்கே "ஒண்ணுமே புரியல சார்" என்று நிற்காமல், வீட்டில் போட்டுப் பார்த்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் "ஏ நாட் வந்துடுச்சு சார், ஏ என்-ல பெர்னூலி ஃபார்முலா போடும்போது பிளஸ் மைனஸ் மாறுது" என்று இடத்தைக் காட்டிக் கேளுங்கள், தமிழிலேயே கேட்கலாம், பெரும்பாலான சார்களும் அப்படிக் கலந்துதான் நடத்துகிறார்கள். எந்த ஸ்டெப்பில் சிக்கியது என்று சொல்கிற மாணவனை எந்த வாத்தியாரும் மறக்கமாட்டார். (வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் ஆங்கிலத்தில் நாலு வரி பழகி வையுங்கள்.)

லேப் உங்கள் கோட்டை. பாலிடெக்னிக்கில் லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டிய கை, பிளஸ் டூவிலிருந்து வந்தவர்கள் இரும்புத் துண்டை இறுக்கும் சக் கீயைத் தேடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அதன் முகப்பைச் சீவும் ஃபேசிங்கை முடித்திருப்பீர்கள். அதற்காக அலட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக் கொடுங்கள், அப்சர்வேஷன் நோட்டில் அந்தந்த வாரமே கையெழுத்து வாங்குங்கள், ரெக்கார்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். லேப் அசிஸ்டன்ட்டிடம் மரியாதையாக இருங்கள். யார் எப்படி வேலை செய்கிறார்கள் என்று சார் முதலில் கேட்பது அவரிடம்தான்!

அட்டென்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போகவிடாதீர்கள். கல்லூரி வேலையாக வெளியே போக ஓ.டி. (ஆன் டியூட்டி) வேண்டுமென்றால் போகும் முன்பே கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள், போய்விட்டு வந்து கெஞ்சினால் சேர்த்த பேரெல்லாம் போச்சு.

கேள்வி: சாரின் வாட்ஸ்அப் எண் கிடைத்திருக்கிறது. சந்தேகம் கேட்கலாமா?
– கல்லூரி மாணவி, கரூர்

பதில்: அவரே கொடுத்திருந்தால் கேட்கலாம். இரவு பதினொரு மணிக்கு "ஹாய் சார்" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், பெயர், வகுப்பு, சந்தேகம் மூன்றையும் ஒரே மெசேஜில் எழுதி மாலைக்குள் அனுப்புங்கள். வேறு யாரிடமோ வாங்கிய எண் என்றால் வேண்டவே வேண்டாம், நேரில் போய்க் கேளுங்கள்.